கே.கே. நகர் மாரிஸ் வேன் விஷயமாக

ஆனையூர், மதுரை
மார்கழி இரண்டாம் வாரம்

அன்பு மகன் அசோக்குமாருக்கு அப்பா உக்கிரபாண்டி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கச்சி பவதாரிணியும் மீனாட்சி புண்ணியத்தில் நோய்நொடி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே போலந்துப் பனியில் நீ கைகால் விறைக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று தெரிந்தால் எங்கள் வயிறு குளிரும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார், துணி காயப்போடுவது மாடியில்தானே என்று இவள் தினமும் ஏறுகிறாள், கேட்டால் டாக்டர் வந்து காயப்போடுவாரா என்கிறாள். நம் தீவனக் கடையில் வியாபாரம் நன்றாகப் போகிறது, பொங்கல் நெருங்குவதால் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் பருத்திக்கொட்டைக்கும் உளுந்தம் பொட்டுக்கும் காலையிலேயே வந்து நிற்கிறார்கள். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இது சரிப்பாவில் முடிகிற விஷயம் இல்லை, அதனால் கடையை மத்தியானம் அடைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “அந்த இரும்புக் குப்பைய அவ வாங்க விடாதீங்கப்பா, கல்யாணம் முடிய வேண்டிய புள்ள, ஊரே சிரிக்கும்” என்று சொன்னாய், சொல்லிவிட்டு நீயும் சிரித்தாய். போனை நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் பவதாரிணி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதிச் சோற்றில் எழுந்துபோய்க் கை கழுவினாள். அதிலிருந்து உன் போன் வந்தால் அவள் குளிக்கப் போய்விடுகிறாள் என்பதைக் கவனித்தாயா. ஒரு நாளைக்கு இத்தனை தடவை குளிக்கிற பிள்ளையா அவள். அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், “ஊரு சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போகுதும்மா, அண்ணன் சிரிச்சுருச்சே” என்று. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீ அவள் நல்லதுக்குத்தான் சொன்னாய், அன்றைக்கு நானும் உன் கட்சிதான். ஆனால் நடந்தது எதுவும் உனக்கு முழுதாகத் தெரியாது, எனக்கே அன்றைக்கு முழுதாகத் தெரியாது.

நீ விமானம் ஏறும்போது அவள் ஒரு சர்வீஸ் சென்டரில் கவுண்டரில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்த பிள்ளையை ஸ்பேனரைத் தொடவிடவில்லை. அதை விட்டுவிட்டு வந்து பழங்காநத்தத்தில் ஒரு தகரச் செட்டை வாடகைக்குப் பிடித்து, ஷேர் ஆட்டோவும் குட்டியானை லோடு வண்டியும் பழுது பார்க்க ஆரம்பித்தாள். இப்போது வேலைக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். நீ போட்டோவில் பார்த்த செட்டு இல்லை இது, தரையெல்லாம் சிமெண்டு போட்டுவிட்டாள். ஆனாலும் புதிதாக வருகிற டிரைவர் எவனும் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து மெக்கானிக் இல்லையாம்மா என்றுதான் கேட்கிறான். நாந்தாண்ணே மெக்கானிக்கு என்று இவள் சொல்ல, பிறகு வாரேன் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. இதையெல்லாம் வீட்டில் வந்து அழுது சொல்கிற பிள்ளை இல்லை அவள், செட்டில் வேலை செய்பவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன் தங்கச்சி என்பதற்காகச் சொல்லவில்லை என்று எழுத வந்தேன், எழுதாமல் நிறுத்திக்கொண்டேன், உன் தங்கச்சி என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இந்த வேன் கதைக்கு வருகிறேன். கே.கே. நகரில் சீதாராமன் என்று ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவர் வீட்டம்மா அகிலாண்டம். வாத்தியாரின் அப்பா அந்தக் காலத்தில் காபிப்பொடிக் கடை வைத்து ஓட்டல்களுக்கெல்லாம் பொடி சப்ளை செய்தவர், அதற்காக வாங்கிய மாரிஸ் டெலிவரி வேன் இன்றும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் நிற்கிறது. முன்னால் கார் மூஞ்சி, பின்னால் பீரோ மாதிரி இரண்டு கதவு, பக்கவாட்டில் கடைப்பெயர் பாதி தெரிகிறது. கார் மாடலில் நிறைய உண்டாம், டெலிவரி வேனாக வந்தது எங்கும் கண்ணில் படுவதில்லையாம், நம் தென்மாவட்டத்தில் இது ஒன்றைத்தான் கேள்விப்பட்டிருக்கிறேன் என்று பவதாரிணி சொன்னாள். வாத்தியார் மகன் ஜெயந்த் பெங்களூரில் இருக்கிறான், வீட்டை அடுக்குமாடி கட்டக் கொடுக்க முடிவு செய்துவிட்டார்கள், அதனால் வேனை விற்றாக வேண்டும். அந்த அகிலாண்டம் மாமியின் ஸ்கூட்டியைப் பழுது பார்க்கப் போன இடத்தில் இவள் அதைப் பார்த்துவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்தவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சுற்றினாள். தன் சீட்டுப் பணம் இருக்கிறது, யாரிடமும் கைநீட்டப் போவதில்லை என்றாள். எதுக்குத்தா இந்தப் பழசு என்று கேட்டதற்கு, “ஒரே ஒரு வண்டிய மூச்சு நின்ன எடத்துலருந்து நான் முழுசா எழுப்பி ஓட்டிக் காட்டணும்ப்பா, பெறகு எவனும் உள்ள எட்டிப் பாத்து மெக்கானிக் எங்கன்னு கேக்க மாட்டான்” என்றாள். எனக்கு அப்போது அது பாதிதான் உறைத்தது.

சரி, பிள்ளை ஆசைப்படுகிறது, விலையை நாம் பேசிக்கொடுப்போம் என்று நானும் கிளம்பினேன். அங்கேதான் வினை. நானும் உன் மொக்கையன் சித்தப்பாவும் எத்தனை சந்தையில் மாடு பிடித்திருக்கிறோம் என்று உனக்குத் தெரியும். பிடித்துப்போன மாட்டுக்கு முன்னால் பல்லைக் காட்டக்கூடாது, முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டு வாலிலிருந்து கொம்பு வரை குறை சொல்ல வேண்டும், விற்கிறவன் பதிலுக்கு அதன் பெருமையை அவிழ்த்துவிடுவான், இரண்டு பேரும் போதும் போதும் என்கிற வரை பேசிவிட்டுத் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலையை முடிப்போம். பவதாரிணியிடம் நீ வாயைத் திறக்காதே என்று சொல்லி வாசலில் நிறுத்திவிட்டு நான் வேனைச் சுற்றி வந்தேன். டயரைக் காலால் உதைத்தேன். “என்னய்யா அடியெல்லாம் துரு அரிச்சுக் கெடக்கு, கதவு கோணிக்கிட்டு நிக்குது, எஞ்சின் செத்து எம்புட்டு வருசமாச்சோ, மூஞ்சி வேற சோகமா இருக்கு, இத வச்சு என்னத்தச் செய்ய” என்று அளந்து தள்ளினேன். நன்றாகத்தான் பேசினேன், சந்தையாக இருந்தால் கூட்டம் கூடியிருக்கும். வாத்தியார் பதிலே சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார். அவர் வெட்கப்படுகிறார் என்று நினைத்து நானாகத் துண்டை வலது கையில் போர்த்திக்கொண்டு அவர் பக்கம் நீட்டினேன். அவர் என் கையைப் பார்க்கிறார், என் முகத்தைப் பார்க்கிறார். உள்ளே இருந்து அந்த அம்மா ஒரு சோப்பை எடுத்துக்கொண்டு வந்து, “கை அலம்பிக்கறேளா, பைப்பு பின்னாடி இருக்கு” என்றது.

கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றேன், வேறு என்ன செய்ய. வாத்தியார் கொட்டகைப் படுதாவை இழுத்து மூடிவிட்டு என்னைக் கும்பிட்டார். “நீங்க சொன்னதை எல்லாம் கேட்டுண்டேன் சார். எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. இத்தனை கோளாறு இருக்கறதை ஒரு பொண்ணு தலைல கட்டினா அது நியாயமில்லை. உங்களுக்கு விக்க எனக்கு மனசு வரலை, தப்பா நினைச்சுக்காதேள்” என்றார். நான் எத்தனையோ வியாபாரியிடம் தோற்றிருக்கிறேன், விலை கூடிப்போய்த் தோற்றிருக்கிறேன், தரகன் ஏமாற்றித் தோற்றிருக்கிறேன், எதிராளியின் நல்ல மனசால் தோற்றது இதுதான் முதல் தடவை. பவதாரிணி கெஞ்சிப் பார்த்தாள், உங்கப்பா அனுபவஸ்தர் அம்மா, அவர் சொன்னா சரியா இருக்கும் என்று சொல்லிவிட்டார். ஆனையூர் வந்து இறங்கியதும், “வேன் வாங்கப் போனீங்களா, மாடு புடிக்கப் போனீங்களாப்பா” என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம்தான் நீ போனில் சிரித்தது. என்னால் வண்டி போச்சு, உன்னால் அவள் மனசு விட்டுப் போச்சு. அப்படியே அதை மறந்துவிடுவோம்ப்பா என்று சொல்லிவிட்டாள், அவள் அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அதற்குள் மொக்கையன் சித்தப்பா காளைக்குத் தீவனம் எடுக்க ஊரிலிருந்து வந்தான், பேச்சு இதில் வந்து நின்றது. இவ்வளவு பழைய வண்டியை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டுமாம், பதிவு செய்துவிட்டால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப்போகலாம், லோடு ஏற்றக்கூடாது, கூலிக்கு ஓட்டக்கூடாது, தினமும் ரோட்டில் எடுக்கவே கூடாது என்று பவதாரிணி முன்னமே சொல்லியிருந்தாள். அதைச் சொன்னதும் மொக்கையன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். “லோடு ஏத்த முடியாத லோடு வண்டி, ஓட்ட முடியாத ஓட்ட வண்டி, போனதே நல்லதுண்ணே, அத வாங்கி வாசல்ல நிறுத்தி வேடிக்க பாக்கவா” என்றான். நானும் அவனோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் அதை நிறுத்திவிட்டு, “கொழுந்தனாரே, நம்ம காரிக்காளை உழவுக்குப் போகுதா, வண்டி இழுக்குதா, பால் கறக்குதா. பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் ஊட்டி, நீச்சல் அடிக்கவிட்டு, நடைக்குக் கூட்டிட்டுப் போயி, வருசம் பூராம் அண்ணனும் தம்பியும் அது பின்னாடியே திரியிறீகளே, அது வாடிவாசல்ல கண்ணு மூடித் தொறக்கங்குள்ள ஓடி முடிஞ்சிருது, அது எதுக்காம்” என்று கேட்டாள். அது வேற மயினி என்றான் அவன். எப்புடி வேற என்றாள் இவள். அவன் என்னைப் பார்த்தான், நான் வாசலைப் பார்த்தேன். தம்பி, பேருக்குத்தானே காளை வளர்க்கிறோம், இன்னார் வீட்டுக் காளை என்று மைக்கில் சொல்கிற அந்த ஒரு வார்த்தைக்குத்தானே. அந்த ஒரு வார்த்தையைத்தான் என் மகளும் கேட்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

மறுநாள் அவள் செட்டுக்குப் போனேன், சமாதானமாக இரண்டு வார்த்தை பேசுவோம் என்று. நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே நல்ல சட்டை போட்ட ஒருத்தர் காரில் வந்து இறங்கினார். மலைமேல் சொகுசு விடுதி வைத்திருக்கும் ஒரு முதலாளியின் ஆள். கே.கே. நகரில் ஒரு பழைய வேன் வாங்கப்போகிறோம், அதைக் குறுக்கே இரண்டாக அறுத்து, முன்பாதியைச் சுவரோடு பதித்து ஜூஸ் கவுண்டர் செய்ய வேண்டும், இந்த ஏரியாவில் நீங்கள் வெல்டிங் சுத்தமாகச் செய்வீர்கள் என்றார்கள், என்ன கேட்டாலும் கொடுக்கிறோம் என்றார். அவருக்குத் தெரியாது எந்த வேனைப் பற்றி யாரிடம் பேசுகிறோம் என்று. நான் பவதாரிணி முகத்தைப் பார்க்கிறேன், அவள் கையில் இருந்த கழிவுத்துணியை மடித்துக்கொண்டே, “அறுக்குற வேல நான் எடுக்குறதில்லண்ணே, வேற எடம் பாத்துக்கங்க” என்றாள், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியும் வைத்தாள். அவர் போனதும் நான் குதித்து எழுந்து, வா இப்பவே வாத்தியாரிடம் போவோம், இந்தச் சேதியைச் சொன்னால் அவர் இந்த ஆளுக்கு விற்கமாட்டார், வேன் நமக்குத்தான் என்றேன். அவள் அசையவில்லை. “அவரு தொழில் பேச என்ட்ட வந்தாருப்பா. எங்கிட்ட நம்பிச் சொன்னத வச்சு அவரு யாவாரத்த நான் கலைக்கக் கூடாது. அப்புடி ஒரு வண்டி எனக்கு வேணாம், நீங்களும் சொல்லக் கூடாது” என்றாள். சொல்லிவிட்டு ஒரு ஆட்டோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அழுதாளா வேலை பார்த்தாளா எனக்குத் தெரியாது, ஸ்பேனர் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி. இவ்வளவு ஆசைப்பட்ட பொருள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, எடுக்கக்கூடாது என்று தனக்குத்தானே கட்டளை போட்டுக்கொள்கிறதே இந்தப் பிள்ளை, இதை யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் கொடுக்கவில்லை, நானாக இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

அன்று சாயங்காலமே தனியாகக் கே.கே. நகருக்குப் போனேன். அவளுக்குத் தெரியாது. துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன், மறுபடியும் சோப்பு வந்துவிடக்கூடாது இல்லையா. வாத்தியார் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். “அய்யா, அன்னைக்கு நான் சொன்ன கொறை எல்லாம் நெசந்தான், ஆனா வேணாம்னு சொல்லல. எங்க பக்கம் வேணாங்குற மாட்டுக்குக் கொறை சொல்ல மாட்டோம், பாத்தும் பாக்காம நகந்துருவோம். மூச்சுப் பிடிச்சுக் கொறை சொன்னோம்னா அந்த மாட்டு மேல உசுரையே வச்சுட்டோம்னு அர்த்தம்” என்று சொன்னேன். அவர் நம்பமுடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியே என் பிள்ளையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். உனக்குத் தெரியும், நம் பக்கம் பெற்ற பிள்ளையை வெளியாள் முன்னால் புகழ மாட்டோம், கண் பட்டுவிடும் என்று பேச்சை மாற்றுவோம், எவனாவது புகழ்ந்தால்கூட அது கெடக்கு கழுத என்போம். அன்றைக்கு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. செட்டுப் போட்டது, தரை போட்டது, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவனே பிறகு ரோட்டில் நின்றுபோய் இவளுக்குப் போன் போட்டது, இவள் ஒரு சொல் குத்திக்காட்டாமல் போய் எடுத்துக்கொடுத்தது, எல்லாம் சொன்னேன். அறுக்கிற வேலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை, சொல்லக்கூடாது என்று மகள் சொல்லியிருந்தாளே. கடைசியில் வாத்தியார், வாங்கி அவள் என்ன செய்வாள் என்று கேட்டார். ஒன்னும் செய்யமாட்டாய்யா, ஓடவைப்பா, ஓடுறதப் பாப்பா, அம்புட்டுத்தான் என்றேன்.

அவர் தன் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார், “நீங்க சொல்றது வேடிக்கையா இருக்கு. இன்னொருத்தர் வந்தார், மலைமேல ஏதோ விடுதியாம். ஒரு குறைகூடச் சொல்லலை, கதவைத் திறந்துகூடப் பாக்கலை, டேப்பை வச்சு நீளம் அகலம் மட்டும் அளந்துண்டு, கேட்டதைத் தரேன்னுட்டுப் போனார். ரொம்ப நல்ல மனுஷன்னு நினைச்சேன்” என்றார். நான் சேதி எதுவும் சொல்லவில்லை என்பதை நீ நம்ப வேண்டும், அவர் கேட்டதற்குச் சந்தைக்காரனாகப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். “அய்யா, பல்லைப் பாக்காம, சுழி பாக்காம, நடக்கவிட்டும் பாக்காம, எட்ட நின்னு கண்ணாலயே எடை போட்டுச் சொன்ன வெலைக்கு மாடு புடிக்கிறவன் சந்தையில உண்டுய்யா. அவன் வளக்கப் புடிக்கிறதில்ல” என்றேன். வாத்தியாருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே போனை எடுத்து அந்த விடுதிக்காரரைக் கூப்பிட்டு, வாங்கி என்ன செய்யப்போகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். அவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, அந்த மட்டுக்கு அவரும் யோக்கியர்தான். வாத்தியார் போனை வைத்துவிட்டு அந்த அம்மாவைப் பார்த்து, ரெண்டா அறுக்கப் போறாளாம் அகிலா என்றார். நான் முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டேன், சந்தைப் பழக்கம் அதற்காவது உதவியது.

ஆக, வேன் நமக்குத்தான். வாத்தியார் ஒரு விலை சொன்னார். நியாயமான விலைதான், ஆனாலும் நான் உக்கிரபாண்டி, சொன்ன விலைக்கு இந்த ஜென்மத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூட வாங்கியதில்லை. நாக்கு நுனி வரை வந்த பேச்சை விழுங்கிவிட்டுச் சரிங்கய்யா என்றேன். கேள்விப்பட்டதிலிருந்து மொக்கையன் என்னை அண்ணன் என்று வெளியில் சொல்லக் கூச்சப்படுகிறானாம். மார்கழியில் வண்டி வாசல் தாண்ட வேண்டாம், தை முதல் வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் எடுத்துக்கோங்கோ என்று அந்த அம்மா சொன்னது. இன்னொன்றும் கேட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வேனில் முன்சீட்டில் ஏறியதே இல்லையாம், எப்போதும் மாமனாரோ காபிக்கொட்டை மூட்டையோ உட்கார்ந்திருக்குமாம், வண்டி ஓடினால் தெப்பக்குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்ட முடியுமா என்று கேட்டது. பழுது பார்த்து முடித்தால் ஓட்டிப் பார்த்துத்தானே ஆகவேண்டும், அது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

தம்பி, இனிமேல்தான் உனக்கு வேலை. பவதாரிணிக்கு இது எதுவும் தெரியாது. வாத்தியாரிடமும், எங்க வீட்டில் முதலில் சொல்லவேண்டிய ஆள் ஒருத்தன் இருக்கிறான், நான் சொல்கிற வரை அவளுக்குப் போன் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். இந்தக் கடிதத்தைக்கூட அவளிடம் கொடுக்காமல் பக்கத்து வீட்டு அழகுபாண்டியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். வேன் கைவிட்டுப் போய்விட்டது, யாரோ அறுக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போய்வருகிறாள். நான் போய்ச் சொன்னால் சந்தோஷப்படுவாள், அப்பா கெடுத்ததை அப்பாவே சரிக்கட்டினார் என்று அதோடு முடியும், நீ சிரித்த சிரிப்பு அப்படியே கிடக்கும். அதனால் நீ கூப்பிடு. வண்டி கிடைத்துவிட்டது என்று சொல்லாதே, அதைச் சொல்ல நான் இருக்கிறேன். கிடைக்குமா கிடைக்காதா என்று யோசிக்காமல், அந்த வண்டியை நீ வாங்கு ஆத்தா என்று சொல், இல்லாத வண்டியை வாங்கச் சொன்னது அண்ணன் என்று இருக்கட்டும். ஒப்புக்கு மட்டும் சொல்லாதே, அவள் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள், உனக்கு மனசாரத் தோன்றாவிட்டால் நான் வருத்தப்படமாட்டேன், போனே போட வேண்டாம். ஆனால் உனக்குத் தோன்றும். அவள் அந்த விடுதி ஆளை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாளே, அதைப் படித்தபோதே உனக்குத் தோன்றியிருக்கும், நீயும் என் பிள்ளைதானே.

நீங்கள் இரண்டு பேரும் நல்லா இருக்க வேண்டும், போன இடத்தில் உனக்குப் பேரும் இருக்கிற இடத்தில் அவளுக்குப் பேரும் நிலைக்க வேண்டும், நம் கருப்பசாமி உனக்குக் காவல் நிற்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே, அம்மா கொடுத்துவிட்ட கம்பளிக் குல்லாவைப் பெட்டியிலேயே வைத்திருப்பதாகத் தெரிகிறது, எடுத்துப் போடு. அவள் சாயங்காலம் செட்டை அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு கூப்பிடு, அப்போதுதான் கையில் கிரீஸ் இருக்காது. இன்றைக்கே கூப்பிடு, உன் அம்மாவால் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை, நேற்றுச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். நீ கூப்பிடும்போது பவதாரிணி குளிக்கக் கிளம்பினால், இந்தத் தடவை பக்கெட்டை நான் எடுத்து ஒளித்து வைத்துவிடுகிறேன்.

உன் மேல் உயிராக இருக்கும் அப்பா,
மொ. உக்கிரபாண்டி